பத்து ரூபாய் ஸ்டாம்ப், ஒரு வெள்ளைத்தாள்: ஆர்டிஐ மனு பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

எங்க பக்கம் யாருக்காவது பட்டா நின்னு போச்சுன்னா, முதியோர் பென்ஷன் திடீர்னு வரலைன்னா, ரோடு போட்ட மூணே மாசத்துல பேந்து போச்சுன்னா எனக்கு போன் வரும். "அண்ணா ஒரு ஆர்டிஐ போடணும், எவ்வளவு ஆகும், எப்படி எழுதறது"ன்னு கேப்பாங்க. ஆர்டிஐன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசு ஆபீஸ்ல இருக்கற பதிவை மனு போட்டு கேட்டு வாங்கற உரிமை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொன்னதை எல்லாம் இங்க ஒண்ணா எழுதி வைக்கறேன். தமிழ்நாட்டு அரசு ஆபீஸ், மத்திய அரசு ஆபீஸ் ரெண்டுக்கும் சேர்த்து சொல்லிருக்கேன். நான் வக்கீல் இல்ல, பல வருஷமா மனு போட்டு போட்டு கத்துக்கிட்டது இது. பிரிவு நம்பரையெல்லாம் வேணும்னேதான் சேர்த்திருக்கேன், மனுவுலயும் அப்பீல்லயும் எழுதறப்போ உங்களுக்கு அது கை கொடுக்கும்.

ஆர்டிஐ யார் வேணாலும் போடலாமா? படிச்சிருக்கணுமா?

இந்தியக் குடிமக்கள் யார் வேணாலும் போடலாம், பிரிவு 3 அதைத்தான் சொல்லுது. படிச்சவங்க, படிக்காதவங்கன்னு ஒண்ணும் இல்ல. எழுதத் தெரியாதவங்க வாயால சொன்னா அதை எழுத்துல கொண்டு வர பொதுத் தகவல் அலுவலரே (ஆபீஸ்ல ஆர்டிஐ மனுவுக்கு பதில் கொடுக்கற அதிகாரி) உதவி பண்ணணும்னு பிரிவு 6(1)ல இருக்கு, நிறைய பேருக்கு இது தெரியாது. தமிழ்லயே எழுதலாம். ஆதார் நகல் வைக்கணும்னு சட்டத்துல எங்கயும் கிடையாது. ஒரு சங்கத்து பேர்லயோ கம்பெனி பேர்லயோ போடாம உங்க சொந்தப் பேர்ல போடுங்க, "குடிமகன் இல்லை"ன்னு திருப்பி அனுப்ப ஒரு சாக்கு கிடைக்காம போகும்.

சட்டம் 2005 அக்டோபர் 12ல முழுசா அமலுக்கு வந்துச்சு. அதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே, 1997ல, தகவல் உரிமைக்குன்னு தனிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் நம்ம தமிழ்நாடுதான். ஆனா அந்தச் சட்டத்துல விதிவிலக்கு அவ்வளவு இருந்ததால ஜனங்களுக்கு பெருசா பிரயோஜனப்படல. இப்ப இருக்கற சட்டத்துக்கு உயிர் கொடுத்தது ராஜஸ்தான் கிராமத்து ஜனங்க. வேலை செஞ்ச கூலிக்கு மஸ்டர் ரோலைக் (யார் எத்தனை நாள் வேலை செஞ்சாங்க, எவ்வளவு கூலின்னு எழுதற பதிவேடு) காட்டுன்னு கேட்டு, 1996ல பியாவர் ஊர்ல 40 நாள் உக்காந்து போராடினாங்க. கூலி ஆளுங்க கேட்டு வாங்கின சட்டம் இது, அதனால ஆபீஸ் வாசல்ல தயங்கி நிக்க வேண்டிய அவசியமே இல்ல.

மனுவுக்கு ஃபீஸ் எவ்வளவு?

10 ரூபாய். மாநில அரசு ஆபீஸ்னாலும் அதான், மத்திய அரசு ஆபீஸ்னாலும் அதான். வேற மாநிலத்து ஆபீஸுக்கு போடறதா இருந்தா அந்த மாநில விதியைப் பாத்துக்கோங்க, குஜராத்துல 20 ரூபாய்.

அந்த 10 ரூபாயை எப்படி கட்டறது? எல்லாரும் தப்பு பண்றது இங்கதான்னு சொல்றாங்களே?

ஆமா, மனு திரும்பி வர்றதுல பாதி இதனாலதான். தமிழ்நாட்டு அரசு ஆபீஸ்னா (தாலுகா ஆபீஸ், யூனியன் ஆபீஸ், நகராட்சி, போலீஸ், மின்வாரியம் மாதிரி) 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கி மனுவோட மேல் ஓரத்துல ஒட்டினா போதும். கோர்ட் வளாகத்துலயும் ஸ்டாம்ப் வெண்டர்கிட்டயும் கிடைக்கும். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்னா நீதிமன்றக் கட்டண வில்லை. கவர்ல ஒட்டற தபால் தலை, பில்லுல ஒட்டற ரெவென்யூ ஸ்டாம்ப் ரெண்டும் செல்லாது, இதை மாத்தி ஒட்டி ஒரு மாசத்தை வீணாக்கினவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். நேர்ல போனா பணமா கட்டி ரசீது வாங்கலாம், டிடி எடுக்கலாம், கருவூலத்துல சலான் கட்டியும் வைக்கலாம்.

மத்திய அரசு ஆபீஸ்னா (தபால் துறை, ரயில்வே, பாஸ்போர்ட் ஆபீஸ், பி.எஃப். ஆபீஸ், அரசு வங்கி) கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் எடுக்க மாட்டாங்க. அதுக்கு போஸ்ட் ஆபீஸ்ல 10 ரூபாய்க்கு இந்தியன் போஸ்டல் ஆர்டர் வாங்கி, அந்தத் துறையோட கணக்கு அலுவலர் பேருக்கு எழுதி மனுவோட பின் பண்ணி அனுப்பணும். போஸ்டல் ஆர்டர் நம்பரை மனுவுக்குள்ள ஒரு வரியா எழுதிடுங்க, அதோட கிழிச்சு வச்சுக்கற துண்டையும் பத்திரமா வைங்க. "கட்டணம் வரலை"ன்னு சொன்னா காட்டறதுக்கு அந்தத் துண்டுதான் இருக்கு.

நகல் வாங்க தனியா பணம் கட்டணுமா?

கட்டணும். ஏ4, ஏ3 சைஸ் பக்கத்துக்கு 2 ரூபாய். பெரிய மேப், பிளான் மாதிரி இருந்தா அதை எடுக்க ஆகற உண்மையான செலவு. மத்திய அரசு விதிப்படி தபால் செலவு 50 ரூபாய்க்கு மேல போனா அந்த அதிகப்படியையும் கேக்கலாம். அவ்வளவுதான். தேடினதுக்கு கூலி, ஆள் போட்டதுக்கு சம்பளம், அலுவலக நேரம் வீணானதுக்கு செலவுன்னு விதில இல்லாத எதையும் பில்லுல சேர்க்க முடியாது.

பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டாம். எத்தனை பக்கம், பக்கத்துக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவுன்னு கணக்கு போட்டு அவங்களே உங்களுக்கு லெட்டர் அனுப்பணும், இது பிரிவு 7(3). 42 பக்கம்னா 84 ரூபாய்னு அந்த லெட்டர்ல இருக்கணும். அந்தத் தொகை ஜாஸ்தின்னு தோணுச்சுன்னா அதை எதிர்த்து யார்கிட்ட அப்பீல் போடலாம்னும் அதே லெட்டர்ல சொல்லணும். அந்த லெட்டர் அனுப்பின நாள்ல இருந்து நீங்க பணம் கட்டற நாள் வரைக்கும், பதில் கொடுக்க அவங்களுக்கு இருக்கற 30 நாள் கணக்குல சேராது, அதனால லெட்டர் வந்த உடனே கட்டிடுங்க, நீங்க தள்ளிப் போடற ஒவ்வொரு நாளும் உங்க நாள்தான் போகுது.

இன்னொண்ணு. 30 நாளுக்குள்ள தகவல் கொடுக்காம விட்டுட்டாங்கன்னா அதுக்கப்புறம் எத்தனை பக்கமா இருந்தாலும் இலவசமாத்தான் கொடுக்கணும், பிரிவு 7(6). 50வது நாள் "ரூ.600 செலுத்தவும்"னு லெட்டர் வந்தா அந்தப் பிரிவைக் காட்டி பதில் எழுதுங்க.

4,000 பக்கம் இருக்கு, 8,000 ரூபாய் கட்டுன்னு பயமுறுத்தறாங்க. என்ன பண்றது?

பயப்படாதீங்க, பெரும்பாலும் நீங்க கேட்ட விதம்தான் அந்த பில்லுக்கு காரணம். "கடந்த பத்து ஆண்டுகளில் நடந்த அனைத்து பணிகளின் அனைத்து ஆவணங்களும்"னு எழுதினா அவங்க மூட்டை கணக்குலதான் பதில் சொல்லுவாங்க. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஒரு வருஷம், ஒரு தெரு, ஒரு வேலைன்னு சுருக்கி புதுசா போடறது. இன்னொண்ணு, நகலே கேக்காம கோப்பை நேர்ல பாக்க நேரம் கேக்கறது. போய் புரட்டிப் பாத்துட்டு தேவையான பத்து பக்கத்தை மட்டும் குறிச்சுக் கொடுத்து 20 ரூபாய்க்கு நகல் வாங்கிட்டு வரலாம். நான் இப்பெல்லாம் பெரிய விஷயம்னா ரெண்டாவது வழியிலதான் போறேன்.

வறுமைக் கோட்டுக்கு கீழ இருக்கறவங்களுக்கு?

ஒரு ரூபாய் கூட கிடையாது, மனுவுக்கும் சரி நகலுக்கும் சரி, பிரிவு 7(5). ஆனா அதுக்கான சான்று நகலை மனுவோட வைக்கணும். வெறும் ரேஷன் கார்டு நகலை வச்சா நம்ம ஊர்ல ஏத்துக்கறதில்ல, ஏன்னா இங்க கார்டு எல்லாருக்கும்தான் இருக்கு. வறுமைக் கோட்டுப் பட்டியல்ல உங்க பேர் இருக்குன்னு உள்ளாட்சியில ஒரு சான்று வாங்கி வைங்க. அதுக்கு அலையறது 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டறதை விட கஷ்டம்னா ஸ்டாம்பை ஒட்டிட்டுப் போங்க, நகல் நூறு பக்கத்துக்கு மேல வரும்னு தெரிஞ்சா மட்டும் அந்தச் சான்றுக்காக நடங்க.

மனுவை எப்படி எழுதணும்?

இதுதான் எல்லாத்துலயும் முக்கியம், கொஞ்சம் நிதானமா படிங்க. கேள்வி கேக்காதீங்க, ஆவணத்தைக் கேளுங்க. இந்தச் சட்டம் கொடுக்கறது ஆபீஸ்ல ஏற்கனவே இருக்கற பதிவை. அதிகாரியோட விளக்கமோ அபிப்பிராயமோ கொடுக்கச் சொல்லல, இல்லாத ஒண்ணைப் புதுசா தயாரிச்சுக் கொடுக்கவும் சொல்லல. சுப்ரீம் கோர்ட்டும் 2011ல ஒரு சிபிஎஸ்இ வழக்குல இதைத் தெளிவா சொல்லிடுச்சு.

எனக்கு இது புரிஞ்ச கதையைச் சொல்றேன். அப்பா தவறின பிறகு வாரிசு சான்று எல்லாம் வாங்கி அம்மா பேருக்கு பட்டா மாத்த மனு கொடுத்தோம். ஒன்றரை வருஷம். போனா "சர்வேயர் லீவு", "மேடம் மீட்டிங்", "அடுத்த வாரம் பாக்கலாம்". ஆத்திரத்துல ஒரு ஆர்டிஐ போட்டேன், "எங்கள் மனு மீது ஏன் இதுவரை நடவடிக்கை எடுக்கவில்லை? இதற்கு யார் பொறுப்பு? எப்போது முடிப்பீர்கள்?"ன்னு மூணு கேள்வி. 29வது நாள் பதில் வந்துச்சு, மேல ந.க.எண், கீழ கையெழுத்து, நடுவுல ஒரே வரி: தாங்கள் கேட்டுள்ளது கேள்வி வடிவில் உள்ளதால் பிரிவு 2(எஃப்)-ன்படி தகவல் என்ற வரையறைக்குள் வராது. அந்த லெட்டரைக் கையில வச்சுட்டு அன்னைக்கு முழுக்க உக்காந்திருந்தேன். ஒரு மாசம் போச்சு, ஸ்டாம்ப் போச்சு, பட்டா அப்படியே கிடக்கு.

அப்புறம் ஒரு ஓய்வு பெற்ற துணை தாசில்தார்தான் சொன்னார், "தம்பி, ஒவ்வொரு செக்ஷன் கிளார்க்கும் தன்பதிவேடுன்னு ஒரு நோட்டு எழுதணும், எந்த மனு எந்தத் தேதில கைக்கு வந்துச்சு, எந்தத் தேதில என்ன பண்ணினாங்கன்னு அதுல இருக்கும், அந்தப் பக்கத்தைக் கேளு"ன்னு. ரெண்டாவது மனுவை இப்படி எழுதினேன்:

"1. எனது தாயார் இன்ன தேதியில் அளித்த பட்டா மாறுதல் மனு பதிவு செய்யப்பட்ட தன்பதிவேட்டின் பக்க நகல் வழங்கவும். 2. அம்மனு இன்று வரை எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது என்பதைக் காட்டும் பதிவுகளின் நகல் வழங்கவும். 3. அம்மனு மீது கள விசாரணை செய்யப்பட்டிருந்தால் அதன் அறிக்கை நகல் வழங்கவும். 4. பட்டா மாறுதல் மனுக்களை முடிக்க நிர்ணயிக்கப்பட்டுள்ள கால வரம்பு குறித்த அரசாணை அல்லது சுற்றறிக்கையின் நகல் வழங்கவும். 5. அம்மனு தற்போது நிலுவையில் உள்ள பிரிவின் அலுவலரது பெயர், பதவி வழங்கவும்."

பாருங்க, இதுல ஒரு கேள்விக்குறி கூட இல்ல. ஆனா முதல் மனுல நான் கேட்ட "ஏன், யார், எப்போ" மூணுமே இதுக்குள்ள இருக்கு. 20 நாள் கூட ஆகல, சர்வேயர் சங்கிலியோட எங்க வயல்ல நின்னார். ஆர்டிஐ பதில் வர்றதுக்கு முன்னாடியே பட்டா வந்துடுச்சு. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், தன் பேர் இருக்கற வரி மேல விரலை வச்சு ரெண்டு தடவை படிச்சாங்க.

எந்த விஷயத்துக்கு எந்த ஆவணத்தைக் கேக்கறது?

பேர் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. ரோடு, சாக்கடை, தண்ணித் தொட்டி மாதிரி வேலைன்னா மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகம் (ஆபீஸ்ல எம்-புக்னு சொல்லுவாங்க), கான்ட்ராக்டருக்கு பில் தொகை கொடுத்த விவரம். நூறு நாள் வேலைன்னா மஸ்டர் ரோல். நிலம்னா அ-பதிவேடு, புலப்படம், பட்டா மாறுதல் உத்தரவு. ஊராட்சின்னா தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம். எந்த விஷயமா இருந்தாலும் கோப்போட "அலுவலகக் குறிப்புப் பக்கங்கள்"னு தனியா கேளுங்க, யார் என்ன எழுதி யார் கையெழுத்து போட்டாங்கன்னு அங்கதான் தெரியும். பேர் தெரியலைன்னா "இது தொடர்பான பதிவேட்டின் நகல்"னு எளிமையா எழுதினாலும் போதும்.

மனுவுக்கு ஃபார்ம் இருக்கா? எத்தனை கேள்வி கேக்கலாம்?

தமிழ்நாட்டுல கட்டாய ஃபார்ம் எதுவும் இல்ல, வெள்ளைத்தாள் போதும். அனுப்புநர், பெறுநர், "தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-ன் கீழ் தகவல் கோருதல்"னு ஒரு பொருள் வரி, வரிசை நம்பர் போட்ட கோரிக்கை, கட்டணம் செலுத்தின விவரம், தேதி, கையெழுத்து. கர்நாடகாவுல 150 வார்த்தை, ஒரே ஒரு விஷயம்னு விதியே வச்சிருக்காங்க, நமக்கு அது இல்ல. மத்திய அரசு மனுவுக்கு 500 வார்த்தைன்னு ஒரு அளவு இருக்கு, ஆனா தாண்டிடுச்சுன்னு அதுக்காக மட்டும் நிராகரிக்க முடியாது. எதுவா இருந்தாலும் ஒரு மனுவுக்கு ஒரு விஷயம்னு வச்சுக்கோங்க. பட்டாவையும் ரோட்டையும் ரேஷன் கடையையும் ஒரே தாள்ல போட்டா ஆளுக்கு ஒரு பக்கம் தள்ளி விட்டு கடைசில எதுவும் வராது. திட்டி எழுதாதீங்க, "லஞ்சம் வாங்கிக்கொண்டு"ன்னு ஆரம்பிச்சா அது புகார் மனுன்னு ஒதுக்கிடுவாங்க.

எதுக்கு இந்தத் தகவல்னு காரணம் சொல்லணுமா?

வேண்டாம். தொடர்பு கொள்ள தேவையான விவரம் தவிர வேற எந்த சொந்த விவரமும் கேக்கக் கூடாதுன்னு பிரிவு 6(2) சொல்லுது. 2014ல மெட்ராஸ் ஹைகோர்ட் ஒரு தீர்ப்புல மனு போடறவங்க காரணம் சொல்லணும்னு எழுதிடுச்சு. அது சட்டத்துக்கே எதிரா இருக்குன்னு நாடு முழுக்க பேச்சு கிளம்பி, சில நாள்லயே அந்தப் பகுதியை ஹைகோர்ட்டே தானா நீக்கிடுச்சு. இன்னமும் சில ஆபீஸ்ல அந்தப் பழைய செய்தியைச் சொல்லி காரணம் கேப்பாங்க, 6(2)ன்னு மட்டும் சொல்லுங்க.

யாருக்கு அனுப்பறது? தப்பான ஆபீஸுக்கு போயிட்டா?

"பொதுத் தகவல் அலுவலர்"னு போட்டு ஆபீஸ் பேரும் அட்ரஸும் போட்டா போதும், ஆள் பேர் தேவையில்ல. ஒவ்வொரு ஆபீஸ்லயும் பொதுத் தகவல் அலுவலர் யார், மேல்முறையீட்டு அலுவலர் யார்னு போர்டு மாட்டியிருப்பாங்க, போறப்போ ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. தப்பான இடத்துக்கு போனாலும் மனு செத்துப் போகாது, அஞ்சு நாளுக்குள்ள சரியான ஆபீஸுக்கு மாத்தி அனுப்பிட்டு உங்களுக்கும் தெரிவிக்கணும், பிரிவு 6(3). "இது எங்க ஆபீஸ்ல இல்ல"ன்னு மனுவைத் திருப்பி உங்களுக்கே அனுப்பறது தப்பு.

போஸ்ட்ல அனுப்பறதா, நேர்ல கொடுக்கறதா, ஆன்லைனா?

நேர்ல கொடுத்தா உங்க நகல்ல சீல், தேதி, கையெழுத்து மூணும் வாங்காம நகராதீங்க. போஸ்ட்னா டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சி கிடைக்கற மாதிரி பதிவு செஞ்சு அனுப்புங்க. முன்னாடி ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புவோம், 2025ல அதை ஸ்பீட் போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க, கவுன்டர்ல ரிஜிஸ்ட்ரேஷனோட வேணும்னு கேளுங்க. டிராக்கிங்ல "டெலிவர்டு"னு வந்த அன்னைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க, பிற்பாடு தேடினா கிடைக்காது. அந்தத் தேதியில இருந்துதான் உங்க 30 நாள் ஓடுது.

மத்திய அரசுக்கு ஆர்டிஐ ஆன்லைன் தளம் நல்லாவே வேலை செய்யுது, 3,000 எழுத்துக்குள்ள எழுதணும், கார்டுலயோ யுபிஐலயோ 10 ரூபாய் கட்டினா உடனே பதிவு எண் வந்துடும், வெளிநாட்டுல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு இதான் சுலபம். தமிழ்நாடு அரசுக்கும் தனி ஆன்லைன் தளம் இருக்கு, நீங்க கேக்கற ஆபீஸ் அந்தப் பட்டியல்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. மத்திய அரசுத் துறைக்கான மனுவை குறிப்பிட்ட சில போஸ்ட் ஆபீஸ்லயே கவுன்டர்ல கொடுக்கலாம், அவங்க அனுப்பி வைப்பாங்க.

எத்தனை நாள்ல பதில் வரணும்?

30 நாள். மனு உதவிப் பொதுத் தகவல் அலுவலர் (மனுவை வாங்கி பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பி வைக்கறவர்) வழியா போனா இன்னும் அஞ்சு நாள். ஒருத்தரோட உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரம். ஒருத்தரை போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க, எங்க வச்சிருக்காங்கன்னே தெரியல, இந்த மாதிரி நேரத்துக்கு உள்ளது இது. மனு மேல பெரிய எழுத்துல "பிரிவு 7(1), உயிர் மற்றும் சுதந்திரம் தொடர்பானது"ன்னு எழுதுங்க.

கோப்பை நேர்ல போய் பாக்கறதுன்னா எப்படி?

மனுலயே "பிரிவு 2(ஜே)-ன்படி கோப்பை நேரில் ஆய்வு செய்ய நாளும் நேரமும் தெரிவிக்கவும்"னு எழுதணும். முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதுக்கு மேல மத்திய அரசு விதிப்படி மணிக்கு 5 ரூபாய். காகிதம் மட்டும் இல்ல, நடக்கற வேலையையும் பாக்கலாம், குறிப்பு எடுக்கலாம், போட்ட சிமெண்ட்ல, ஜல்லில சான்று பெற்ற சாம்பிள் கூட கேக்கலாம், அதுவும் அதே பிரிவுலதான் இருக்கு.

எங்க தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டப்போ இப்படித்தான் நாங்க மூணு பேர் போனோம். எம்-புக்கை டேபிள் மேல வச்சாங்க, பென்சில்ல எழுதி மேல பேனால ஓட்டின எண்கள். அகலம் 3.5 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர்னு இருந்துச்சு. அந்த ரெண்டு பக்கத்தை 4 ரூபாய்க்கு நகல் வாங்கிட்டு வந்து சாயங்காலம் டேப் பிடிச்சு அளந்தோம், எங்கயுமே 3 மீட்டரைத் தாண்டல. ரோடு ஓரம் உடைஞ்ச இடத்துல ஸ்கேலை வச்சா கனம் ஒரு சாணுக்கு பாதி கூட இல்ல. தெருப் பிள்ளைங்க எல்லாம் டேப்பை மாத்தி மாத்தி பிடிச்சுட்டு நின்னாங்க. அந்த நகல், அளந்த போட்டோ ரெண்டையும் வச்சு மேலதிகாரிக்கு மனு கொடுத்த பிறகுதான் மறு அளவு எடுக்க ஆள் வந்தாங்க. வெறும் "ரோடு சரியில்ல"ன்னு ஒரு வருஷம் சொல்லிட்டு இருந்தப்போ யாரும் திரும்பிப் பாக்கல.

"தர முடியாது"ன்னு பதில் வந்துடுச்சு. எந்தெந்த காரணம் செல்லும்?

பிரிவு 8, 9ல இருக்கறது, 24ல சொன்ன உளவு, பாதுகாப்பு அமைப்புங்க, இவ்வளவுதான். 24ல வர்ற அமைப்பா இருந்தாலும் ஊழல், மனித உரிமை மீறல் பத்தின தகவலுக்கு அந்த விலக்கு கிடையாது. எந்த உட்பிரிவுல மறுக்கறாங்கன்னு பதில்ல எழுதணும், வெறும் "வழங்க இயலாது" செல்லாது.

அதிகமா வர்ற சாக்கு "மூன்றாம் நபர் தகவல்". மூணாவது ஆள் சம்பந்தப்பட்டதுங்கறதுக்காக மட்டும் மறுக்க முடியாது. 11வது பிரிவுல அவருக்கு நோட்டீஸ் கொடுத்து கருத்து கேக்கற நடைமுறை இருக்கு, அது முடிஞ்சு முடிவு எடுக்கணும். ஆனா "தனிப்பட்ட தகவல்"ங்கற 8(1)(ஜே) பிரிவு இப்ப இன்னும் இறுகிடுச்சு. 2023ல கொண்டு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் அதை ஒரே வரியா சுருக்கிடுச்சு, முன்னாடி அந்தப் பிரிவுக்குள்ளயே இருந்த பொதுநலன் வாசகம் போச்சு, 2025 நவம்பர்ல இருந்து அமல்ல இருக்கு. எனக்கு இது உண்மையாவே வேதனையா இருக்கு, ஏன்னா பயனாளிகள் பட்டியல்ல யார் பேர்ல வீடு ஒதுக்கினாங்கன்னு பாக்காம எப்படி தப்பைக் கண்டுபிடிக்கறது? இப்ப நமக்கு மிச்சம் இருக்கற வழி 8(2), ரகசியம் காக்கறதை விட பொதுநலன் பெருசுன்னா கொடுக்கலாம்னு அது சொல்லுது. அதனால மத்தவங்க பேர் வர்ற மாதிரி விஷயம்னா பொதுநலன் என்னன்னு ரெண்டு வரி மனுலயே எழுதிடுங்க, காரணம் சொல்லத் தேவையில்லன்னு சொன்னேனே, அதுக்கு இது மட்டும் விதிவிலக்கா வச்சுக்கோங்க. ஒரு பக்கத்துல தர முடியாத வரி ஒண்ணு இருந்தா அதை மறைச்சுட்டு மீதியைக் கொடுக்கணும்னு பிரிவு 10 இருக்கு, அதையும் கேளுங்க.

"விசாரணையில் உள்ளது"ன்னு போலீஸ்ல சொல்லுவாங்க. விசாரணை நடக்குதுங்கறது மட்டும் போதாது, தகவல் கொடுத்தா விசாரணை எப்படி கெடும்னு அவங்க காட்டணும், 2007லயே டெல்லி ஹைகோர்ட் சொன்னது. "கோப்பு காணவில்லை"ங்கறது சட்டத்துல இருக்கற காரணமே இல்ல. அப்படி பதில் வந்தா, அந்தக் கோப்பு எப்ப அழிக்கப்பட்டதுன்னு காட்டற பதிவேட்டு நகலையும், காணாம போனதுன்னா அதுக்கு கொடுத்த புகார் நகலையும் கேட்டு அடுத்த மனுவைப் போடுங்க. பல கோப்பு அப்புறம் கிடைச்சுடும்.

முதல் மேல்முறையீடு எப்படி? ஃபீஸ் உண்டா?

ஃபீஸ் தமிழ்நாட்டுல இல்ல, மத்திய அரசுலயும் இல்ல. மஹாராஷ்டிரா மாதிரி சில இடத்துல உண்டு. பதில் வந்த நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள போடணும், பதிலே வரலைன்னா 30 நாள் கெடு முடிஞ்சதுல இருந்து 30 நாள். அதே ஆபீஸ்லயோ அதுக்கு மேல உள்ள ஆபீஸ்லயோ இருக்கற மேல்முறையீட்டு அலுவலருக்கு பிரிவு 19(1)னு எழுதி, எந்த வரிசை எண்ணுக்கு பதில் வரல, எதுக்கு அரைகுறையா வந்துச்சுன்னு மட்டும் சுருக்கமா எழுதுங்க. மறுத்தது சரின்னு நிரூபிக்கற பொறுப்பு அவங்களோடது, 19(5), நீங்க ஒண்ணும் நிரூபிக்க வேண்டாம். 30 நாள்ல முடிக்கணும், காரணம் எழுதி 45 நாள் வரைக்கும் எடுத்துக்கலாம். முதல் மனுவுக்கு பதில் வராதவங்கள்ல நிறைய பேர் இங்கயே விட்டுடறாங்க. விடாதீங்க, என் அனுபவத்துல பாதிக்கு மேல இந்தக் கட்டத்துலயே தகவல் வந்திருக்கு.

அதுக்கும் அசையலைன்னா?

90 நாளுக்குள்ள ரெண்டாவது மேல்முறையீடு, மாநில ஆபீஸ்னா சென்னைல இருக்கற தமிழ்நாடு தகவல் ஆணையம், மத்திய அரசுன்னா டெல்லி மத்திய தகவல் ஆணையம். மனு, பதில், முதல் அப்பீல், அனுப்பின அத்தாட்சி எல்லாத்தோட நகலையும் தேதி வரிசையில அடுக்கி அனுப்பணும், அதான் நான் முதல்ல இருந்தே தேதி தேதின்னு சொல்லிட்டு இருக்கேன். விசாரணைக்கு வர மாசக்கணக்குல ஆகும், பொறுமை வேணும். தப்புன்னு தெரிஞ்சா தகவல் கொடுக்காத பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம், பிரிவு 20. அந்தப் பணம் நமக்கு வராது. ஆனா நமக்கு ஆன நஷ்டத்துக்கு 19(8)(பி)ல இழப்பீடு தனியா கேக்கலாம், அப்பீல்லயே கேட்டு வைங்க.

கூட்டுறவு சங்கம், தனியார் ஸ்கூல், ரேஷன் கடைக்கெல்லாம் போடலாமா?

நேரடியா போட்டா சிக்கல் வரலாம். கூட்டுறவு சங்கம் அரசாங்கப் பணத்துல கணிசமா நடந்தா தவிர பொது அதிகார அமைப்பு (ஆர்டிஐக்கு கட்டுப்பட்ட அமைப்பு) ஆகாதுன்னு 2013ல சுப்ரீம் கோர்ட் கேரளா வழக்குல சொல்லிடுச்சு. அதனால சுத்தி வாங்க: சங்கத்தைப் பத்தி கூட்டுறவு பதிவாளர் ஆபீஸ்ல கேளுங்க, தனியார் ஸ்கூல் பத்தி மாவட்டக் கல்வி ஆபீஸ்ல, ரேஷன் கடை பத்தி வட்ட வழங்கல் அலுவலர்கிட்ட. அந்த ஆபீஸ் தன் சட்டப்படி வாங்கக் கூடிய தகவல் எல்லாமே 2(எஃப்)ல தகவல்தான்.

பரீட்சை விடைத்தாள் நகல் கேக்கலாமா?

உங்க சொந்த விடைத்தாளைக் கேக்கலாம், மேல சொன்ன அதே 2011 சிபிஎஸ்இ தீர்ப்புதான். சில அமைப்புங்க தங்களோட சொந்த விதின்னு ஒரு பேப்பருக்கு 500 ரூபாய்னெல்லாம் வச்சிருக்கும், ஆனா ஆர்டிஐ வழியையும் மாணவர் தேர்ந்தெடுக்கலாம்னு 2019ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. யுபிஎஸ்சி மாதிரி இடத்துல மட்டும் இது கிடைக்கறது கஷ்டம், 2018 தீர்ப்பு அவங்க பக்கம்.

மனு போட்ட மறுநாளே "ஏன் போட்டீங்க, வாங்க பேசிக்கலாம்"னு போன் வருது. பயமா இருக்கு.

இது நிறைய பேருக்கு வரும். மனுல போன் நம்பரை எழுதாதீங்க, தபால் வர்ற அட்ரஸ் மட்டும் போதும். அட்ரஸே கொடுக்க பயமா இருந்தா போஸ்ட் பாக்ஸ் நம்பர் கொடுத்தாலும் போதும்னு 2013ல கல்கத்தா ஹைகோர்ட் சொல்லிருக்கு. போன் வந்தா "எழுத்துல பதில் கொடுங்க சார்"னு ஒரே வார்த்தை, சண்டை வேண்டாம். மணல், குவாரி, பெரிய கான்ட்ராக்ட் மாதிரி விஷயம்னா தனியா போடவே போடாதீங்க. இந்த நாட்டுல ஆர்டிஐ போட்டதுக்காக உயிரை விட்டவங்க இருக்காங்க, அதை மறைச்சு உங்களுக்கு தைரியம் சொல்ல எனக்கு மனசு வரல. அதே கோரிக்கையை அஞ்சாறு பேர் தனித்தனியா, வேற வேற ஊர்ல இருந்து போடுங்க, ஒருத்தர் மனுவை வாபஸ் வாங்க வச்சாலும் மீதி நிக்கும். மனு நகலையும் அத்தாட்சியையும் வீட்டுக்கு வெளிய இன்னொரு ஆள்கிட்ட கொடுத்து வைங்க. மிரட்டல்னு தோணினா அன்னைக்கே தேதி, நேரம், நம்பர் எழுதி போலீஸ்ல புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதைக் (புகார் வாங்கினதுக்கு போலீஸ் கொடுக்கற ரசீது) கையில வாங்கிடுங்க.